தகுதி பெற்றார், வழக்கிலும் வென்றார், ஆனாலும் பாரிஸில் ஆடவில்லை: யோஸ்ட் லாய்டன் விவகாரத்தின் பின்னணி

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முந்தைய வாரங்களில் நெதர்லாந்தின் கோல்ஃப் வீரர் யோஸ்ட் லாய்டனைப் பற்றி வந்த செய்திகள் ஒன்றோடொன்று மோதின. ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெற்றுவிட்டார் என்றது முதல் செய்தி. அவரை அனுப்பப்போவதில்லை என்று அவருடைய நாட்டு ஒலிம்பிக் அமைப்பே முடிவெடுத்தது என்றது அடுத்த செய்தி. அவர் நீதிமன்றம் போய் வென்றார் என்று மூன்றாவது செய்தி வந்தது. வென்ற பிறகும் அவருக்கு இடமில்லை என்பது நான்காவது.

நான்குமே உண்மை. தகுதி பெறுவது, தேர்வு செய்யப்படுவது, பதிவு செய்யப்படுவது ஆகிய மூன்றும் ஒலிம்பிக்கில் தனித்தனிப் படிகள். ஒவ்வொன்றையும் முடிவு செய்யும் அமைப்பும் வேறு. முதல் படியை லாய்டன் தன் ஆட்டத்தால் கடந்தார். இரண்டாவதில் சொந்த நாட்டு அமைப்பு தடுத்தது. அந்தத் தடையை நீதிமன்றம் நீக்கியபோது மூன்றாவது படியின் கதவு அடைபட்டிருந்தது.

இதை முழுதாகப் புரிந்துகொள்ள, லாய்டன் எப்படிப்பட்ட வீரர், கோல்ஃப் தரவரிசை எதை அளக்கிறது, நெதர்லாந்து வைத்திருக்கும் கூடுதல் அளவுகோல் என்ன என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

லாய்டன் யார்?

ராட்டர்டாம் நகருக்கு அருகிலுள்ள பிளைஸ்வைக் என்ற ஊரில் 1986 ஜனவரியில் பிறந்தவர். 2006-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஐசனோவர் கோப்பையை நெதர்லாந்து வென்றபோது அணியில் இருந்த மூவரில் ஒருவர். வில் பெஸ்லிங், டிம் ஸ்லாய்டர் மற்ற இருவர். தொழில்முறைக்கு வராத வீரர்களுக்கான உலக அணிப் போட்டி அது. கோல்ஃபில் பெரிய பெயர் இல்லாத ஒரு நாடு அதை வென்றது சாதாரண விஷயமில்லை. அதே ஆண்டில் லாய்டன் தொழில்முறை வீரரானார்.

ஐரோப்பாவில் தொழில்முறை கோல்ஃப் இரண்டு அடுக்குகளாக நடக்கிறது. கீழ் அடுக்குக்கு அப்போது சேலஞ்ச் டூர் என்று பெயர். அதில் நன்றாக ஆடுபவர்கள் மேல் அடுக்கான ஐரோப்பிய டூருக்கு ஏறுவார்கள். இன்று அதற்கு டிபி வேர்ல்ட் டூர் என்று பெயர். லாய்டன் அந்த வழியிலேயே ஏறி வந்தார். மேல் அடுக்குக்கு வந்த கையோடு மணிக்கட்டுக் காயம் அவரை நெடுநாள் களத்துக்கு வெளியே உட்கார வைத்தது.

மீண்டு வந்த பின் அவர் வென்ற ஐரோப்பிய டூர் பட்டங்கள் ஆறு. நெதர்லாந்து வீரர் எவரும் அதற்கு முன் இத்தனை வென்றதில்லை.

1. 2011, இஸ்கந்தர் ஜோகூர் ஓபன், மலேசியா. வழக்கமான 72 குழிகளுக்குப் பதில் மழையால் 54 குழிகளாகச் சுருங்கிய போட்டி. பந்தைக் குறைந்த அடிகளில் குழிகளுக்குள் போடுபவரே வெல்லும் ஆட்டத்தில், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முதல் பட்டம்.
2. 2013, லயோனஸ் ஓபன், ஆஸ்திரியா.
3. 2013, கேஎல்எம் ஓபன், சான்ட்ஃபோர்ட். சொந்த நாட்டுப் பட்டம்.
4. 2014, வேல்ஸ் ஓபன், செல்டிக் மேனர்.
5. 2016, கேஎல்எம் ஓபன், ஸ்பைக். இந்த முறை மூன்று அடி முன்னிலை.
6. 2018, ஓமான் ஓபன், மஸ்கட். அந்தப் போட்டி முதன்முறையாக நடந்த ஆண்டு.

இவற்றில் மூன்றாவது வெற்றியின் கனம் பட்டியலில் தெரியாது. கேஎல்எம் ஓபன் என்று அப்போது பெயர் பெற்றிருந்த, 1912-இல் தொடங்கிய நெதர்லாந்து ஓபனை, 1947-க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டு வீரர் ஒருவரும் வெல்லவில்லை. 2003-இல் மார்ட்டன் லாஃபெபர் அந்த வறட்சியை முடித்தார். அதற்கடுத்துப் பத்தாண்டுகள் கழித்து வென்றவர் லாய்டன். வடகடல் ஓரத்து மணல்மேடுகளுக்கு நடுவிலுள்ள கென்னமர் மைதானத்தில், 49 வயதிலும் உச்ச ஆட்டத்தில் இருந்த ஸ்பெயினின் மிகுவேல் ஆங்கெல் ஹிமெனெஸும் அவரும் சமநிலையில் முடித்தார்கள். கூடுதல் ஆட்டத்தில் லாய்டன் ஜெயித்தார். அந்த ஆண்டே, பிரிட்டன்-அயர்லாந்து அணியும் ஐரோப்பியக் கண்ட அணியும் மோதும் செவே கோப்பையில் கண்ட அணிக்காகவும் ஆடினார். 2014-இல், கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸுக்கு அழைப்பு வந்தது.

2014 வேல்ஸ் ஓபனையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் அடி பின்தங்கி இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தவர்கள் இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட்டும் அயர்லாந்தின் ஷேன் லவ்ரியும். பத்தாண்டுகள் கழித்து இருவருமே பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். ஃப்ளீட்வுட் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

ஆறு பட்டங்களுக்கு வெளியே, லாய்டனின் ஆட்டத்தை மட்டுமின்றி கோல்ஃபின் இயல்பையே காட்டும் ஒரு நாள் உண்டு. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் கியாவா தீவில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் முதல் நாள் அது. ஆண்டுக்கு நான்கே முறை நடக்கும் மேஜர் போட்டிகளில் ஒன்று. ஒரு குழியை இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் கணக்குக்குப் பார் என்று பெயர். ஓர் அடி குறைந்தால் பேர்டி, ஓர் அடி கூடினால் போகி. 18 குழிகளுக்கும் சேர்த்து அந்த மைதானத்தின் பார் 72. லாய்டன் 14 குழிகளை முடித்தபோது பாரைவிட 8 அடி குறைவாக இருந்தார். மிச்சம் நான்கு குழிகள். அவற்றைப் பாரிலேயே முடித்திருந்தாலும் 64. இரண்டில் பேர்டி அடித்திருந்தால் 62. மேஜர் போட்டி ஒன்றில் அதுவரை எவரும் 63-க்குக் கீழே இறங்கியதில்லை. ஆனால் நான்கிலும் போகி. நாள் முடிவில் அட்டையில் 68 என்று எழுத வேண்டியிருந்தது.

அப்போதும் முதலிடத்தில் இருந்தவரைவிட அவர் இரண்டே அடிதான் பின்னால். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே மைதானம். 14 குழிகள் வரை சரித்திரம், கடைசி நான்கில் சறுக்கல். கோல்ஃபில் ஒருவர் இன்ன இடத்தில் முடிப்பார் என்று முன்கூட்டிச் சொல்வது ஏன் கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். ஒலிம்பிக் சர்ச்சையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

147 என்ற எண் எதைச் சொல்கிறது?

ஒலிம்பிக் தகுதியை முடிவு செய்த நேரத்தில் லாய்டன் உலகத் தரவரிசையில் 147-ஆவது இடத்தில் இருந்தார். கேட்டவுடன் மிகப் பின்னால் இருப்பதுபோலத் தோன்றும். அதன் கணக்கு இப்படி:

1. கடந்த இரண்டு ஆண்டுப் போட்டிகள் மட்டுமே சேரும். அதற்கு முன் எத்தனை பட்டம் வென்றிருந்தாலும் கணக்கில் வராது.
2. ஒரு போட்டியில் வாங்கிய புள்ளிகள் முதல் 13 வாரங்களுக்கு முழு மதிப்போடு இருக்கும். பிறகு வாரத்துக்கு வாரம் தேய்ந்து இரண்டாண்டு முடிவில் பூஜ்யமாகும்.
3. மொத்தப் புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். 40 போட்டிகளுக்குக் குறைவாக ஆடியிருந்தாலும் 40-ஆல்தான் வகுப்பார்கள். காயத்தில் படுத்தவர்களை இது இரட்டிப்பாகத் தண்டிக்கும்.
4. எந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்பது அதில் ஆடுபவர்களின் வலிமையைப் பொறுத்தது. 2022 ஆகஸ்டில் இந்தக் கணக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடுபவர்களுக்கு அது சாதகம், ஐரோப்பாவில் ஆடுபவர்களுக்குப் பாதகம் என்ற விமர்சனம் இன்றுவரை இருக்கிறது.

லாய்டன் ஐரோப்பிய டூரையே முழுநேரக் களமாக வைத்திருந்தவர். ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டு, 2023-இல், மூனிக் நகரில் பிஎம்டபிள்யூ இன்டர்நேஷனல் ஓபனில் ஓர் அடி வித்தியாசத்தில் பட்டத்தைத் தவறவிட்டு இரண்டாவதாக வந்தார். 37 வயதில், மேல் அடுக்குப் போட்டியில், பட்டத்துக்கு ஓர் அடி தூரம். 147 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் ஓய்வை நோக்கி நடந்துகொண்டிருந்த வீரர் அல்லர்.

ஒலிம்பிக்கின் 60 இடங்கள்

112 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2016 ரியோவில் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. லாய்டனும் அங்கே ஆடினார். ஆண்களுக்கு 60 இடம், பெண்களுக்கு 60 இடம். யார் யார் என்பதைத் தீர்மானிப்பது சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பு.

முதலில் உலகத் தரவரிசையின் முதல் 15 பேரை எடுப்பார்கள். அதில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர். அதற்குக் கீழே ஒரு நாட்டுக்கு இரண்டு பேர் என்ற வரம்போடு தரவரிசையில் இறங்கிக்கொண்டே போய் 60-ஐ நிரப்புவார்கள். போட்டியை நடத்தும் நாட்டுக்கும் ஒவ்வொரு கண்டத்துக்கும் குறைந்தது ஓர் இடம் உறுதி.

இந்த வரம்பால்தான் 147-ஆவது இடத்திலிருந்தவருக்கும் வழி கிடைத்தது. முதல் 100 பேரில் பெரும் பகுதி அமெரிக்கர்கள். அவர்களில் நால்வர் போக மற்றவர்கள் கழிந்துவிடுவார்கள். பிரிட்டன், தென்கொரியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலும் இருவருக்கு மேல் இடமில்லை. அப்படிச் சலித்த பிறகு உலகத்தின் 147-ஆவது வீரர் ஒலிம்பிக் பட்டியலில் 40-ஐ ஒட்டி வந்தார். கடைசி நேரத்தில் தொற்றிக்கொண்ட இடம் இல்லை அது. அவருக்குக் கீழே ஏறக்குறைய இருபது பேர் இருந்தார்கள். இந்தியாவின் சுபாங்கர் சர்மாவும் ககன்ஜீத் புல்லரும் அந்த இருபதில் அடக்கம். உலகத் தரவரிசையில் இருவரும் 200-க்கு அப்பால். இந்தியா இருவரையும் அனுப்பியது, இருவரும் பாரிஸில் ஆடினார்கள்.

நெதர்லாந்து வைத்திருக்கும் கூடுதல் அளவுகோல்

ஒலிம்பிக் சாசனப்படி ஒரு நாட்டின் சார்பில் வீரர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் அந்த நாட்டின் தேசிய ஒலிம்பிக் கமிட்டிக்கு மட்டுமே உண்டு. வீரர் தானாகப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. தேசிய விளையாட்டுச் சம்மேளனம் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். சர்வதேசக் கூட்டமைப்பு இடம் ஒதுக்கினாலும் தேசியக் கமிட்டி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அந்த இடம் அந்த நாட்டை விட்டுப் போய்விடும்.

நெதர்லாந்தில் இந்த அதிகாரம் என்ஓசி-என்எஸ்எஃப் என்ற அமைப்பிடம் இருக்கிறது. தேசிய ஒலிம்பிக் கமிட்டியும் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பும் 1993-இல் இணைந்து உருவானது. சர்வதேசத் தகுதி இருந்தால் போதாது, முதல் எட்டு இடங்களுக்குள் முடிக்க நியாயமான வாய்ப்பு இருப்பவரையே அனுப்புவோம் என்பது அதன் கொள்கை. நியூசிலாந்து போன்ற வேறு சில நாடுகளும் இந்த மாதிரியான நிபந்தனை வைத்ததுண்டு. ஆனால் நெதர்லாந்து அளவுக்கு அதைக் கறாராக நடத்தும் நாடுகள் குறைவு.

இந்தக் கொள்கையை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுமார் 1.8 கோடி மக்களே உள்ள நாடு, பாரிஸில் 15 தங்கம் உட்பட 34 பதக்கங்கள் வென்று பட்டியலில் ஆறாவது இடம் பிடித்தது. பங்கேற்பதற்காகப் போவதில்லை, போட்டியிடப் போகிறோம் என்ற மனநிலையை அந்நாட்டு விளையாட்டுத் துறை பல ஆண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறது. அந்தக் கறார்த்தன்மைக்கும் இந்தப் பதக்கங்களுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தக் கொள்கையின்படி 2024 ஜூனில் லாய்டன் நிராகரிக்கப்பட்டார். அவரோடு தகுதி பெற்றிருந்த டாரியஸ் வான் ட்ரீலுக்கும் அதே பதில். வான் ட்ரீல் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கென்யா ஓபன் பட்டத்தை வென்றிருந்தார். ஐரோப்பிய டூரில் நான்கு மாதங்களுக்கு முன் பட்டம் வென்றவருக்கும் நியாயமான வாய்ப்பு இல்லை என்று அமைப்பு கருதியது.

முதல் எட்டு என்ற அளவுகோல் கோல்ஃபுக்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பது என் கருத்து.

நீச்சலையோ வேகப் பனிச்சறுக்கையோ எடுத்துக்கொண்டால், ஒருவர் 200 மீட்டரை எத்தனை நொடியில் முடிக்கிறார் என்பது பதிவாகியிருக்கும். மற்றவர்களின் நேரமும் இருக்கும். குளம் எங்கே இருந்தாலும் 50 மீட்டர்தான். உலகின் 40-ஆவது வேகமான நீச்சல்காரர் இறுதிச் சுற்றுக்குள் வருவது அபூர்வம். அங்கே முதல் எட்டு என்ற அளவுகோலுக்கு அர்த்தம் இருக்கிறது. இறுதிச் சுற்றில் நீந்துவதே எட்டுப் பேர்தான்.

கோல்ஃபில் ஒவ்வொரு மைதானமும் வேறு. காலையில் ஆடியவருக்கு அமைதியான காற்று, மதியம் ஆடியவருக்குச் சுழற்காற்று என்று ஒரே நாளிலேயே நிலைமை மாறும். நான்கு நாட்களில் 72 குழிகள், முன்னூறுக்குச் சற்றுக் குறைவான அடிகள். பத்தாம் இடத்துக்கும் நாற்பதாம் இடத்துக்கும் இடையே பல போட்டிகளில் நாளுக்கு இரண்டு அடி வித்தியாசம்கூட இருக்காது. உலகின் தலைசிறந்த வீரர்களே ஆண்டுக்கு ஆடும் இருபது போட்டிகளில் பெரும்பாலானவற்றில் தோற்கிறார்கள். நீச்சலில் அப்படி ஒருவர் உச்சத்தில் நீடிக்க முடியாது.

ஒலிம்பிக்கிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டோக்கியோவில் ஆண்கள் பிரிவில் வெள்ளி வென்றவர் ஸ்லோவாக்கியாவுக்காக ஆடிய 45 வயது ரோரி சபாட்டினி. கடைசி நாளில் 61 அடித்து மேலேறினார். வெண்கலத்துக்கு ஏழு பேர் சமமாக நின்றார்கள். ரோரி மெக்கில்ராய், ஹிடெகி மட்சுயாமா, காலின் மொரிகாவா ஆகிய முன்னணி வீரர்களும் அதில் இருந்தார்கள். கடைசியில் பதக்கத்தைக் கொண்டுபோனவர் தைவானின் சி.டி. பான். சபாட்டினி, பான் இருவருமே அப்போது உலகத் தரவரிசையில் முதல் 150-க்கு வெளியே. அதாவது, பாரிஸுக்கு முன் லாய்டன் இருந்த இடத்தைவிடக் கீழே. அவர்கள் நெதர்லாந்துக்காரர்களாக இருந்திருந்தால் தொலைக்காட்சியில்தான் டோக்கியோவைப் பார்த்திருப்பார்கள்.

அதே டோக்கியோவில் பெண்கள் பிரிவை நம்மில் பலர் விடியற்காலையில் எழுந்து பார்த்தோம். உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்திலிருந்த அதிதி அசோக், முதல் நாளிலிருந்து கடைசிக் குழி வரை பதக்க இடத்தை விடாமல் துரத்தி, ஓர் அடியில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக முடித்தார். அவருக்கும் வெள்ளி, வெண்கலம் வென்றவர்களுக்கும் இடையே இருந்தது அந்த ஓர் அடி. நெதர்லாந்து அளவுகோலை வைத்திருந்தால் இந்தியக் கோல்ஃபின் அந்த நான்கு நாட்கள் நடந்தே இருக்காது.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். சில வீரர்கள் மேலே வந்தார்கள் என்பதால் 40-ஆவது வீரருக்கு முதல் எட்டில் முடிக்கப் பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று ஆகிவிடாது. பத்து ஒலிம்பிக் ஆடினாலும் சில முறைதான் அது நடக்கும். பாரிஸில் ஸ்காட்டி ஷெஃப்லர், ஜான் ராம், மெக்கில்ராய் என்று முன்னணி வீரர்கள் எல்லாம் களத்தில் இருந்தார்கள். எல்லா விளையாட்டுக்கும் ஒரே சட்டம் என்று சொல்லும் அமைப்பு, ஒரு விளையாட்டுக்கு மட்டும் தளர்த்தினால் அதே விதியால் வீட்டில் உட்கார வைக்கப்பட்ட படகு வீரருக்கோ மல்யுத்த வீரருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே வாசகத்தை எல்லா விளையாட்டுக்கும் எழுதிவைப்பது ஒரே நியாயத்தை வழங்குவதாகாது. இன்னொன்று, லாய்டனின் இடத்தை மறுத்ததால் நெதர்லாந்தின் வேறெந்த வீரருக்கும் அது கிடைக்கவில்லை. கோல்ஃப் இடம் கோல்ஃபுக்குள்ளேயே சுற்றும். அது வேறொரு நாட்டு வீரருக்குப் போனது. அவர் ஒலிம்பிக் பட்டியலில் லாய்டனுக்குக் கீழே இருந்தவர்.

தீர்ப்பு கிடைத்தும் இடம் ஏன் கிடைக்கவில்லை?

லாய்டன் நெதர்லாந்து நீதிமன்றத்தில் அவசர வழக்குத் தொடுத்தார். அவரைப் பதிவு செய்யும்படி என்ஓசி-என்எஸ்எஃப்புக்கு உத்தரவு வந்தது. அமைப்பும் அதற்கு இணங்கி அவர் பெயரை முன்வைத்தது. அங்கேதான் கதை முட்டிக்கொண்டது. காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

1. முதல் மறுப்பு வந்தவுடனே சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பு அந்த இடத்தைக் காலி என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. விதிப்படி அது செய்ய வேண்டியதும் அதுதான்.

2. புதிதாக இடம் பெற்ற வீரர் எந்தத் தவறும் செய்யவில்லை. லாய்டனைச் சேர்ப்பதற்காக அவரை நீக்கினால் ஓர் அநீதியைத் துடைக்க இன்னோர் அநீதி செய்ததாகும்.

3. நெதர்லாந்து நீதிமன்றத்தின் உத்தரவு நெதர்லாந்து அமைப்பைக் கட்டுப்படுத்தும். சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருப்பவை, அந்த வழக்கில் எதிர்த்தரப்பாகவும் இல்லை. அவற்றின் முடிவுகளை எதிர்த்துப் போக வேண்டிய இடம் விளையாட்டு நடுவர் மன்றம்.

4. மிச்சமிருந்த ஒரே வழி 60-ஐ 61 ஆக்குவது. பாரிஸ் ஒலிம்பிக்கின் மொத்த வீரர் எண்ணிக்கைக்கே 10,500 என்ற உச்சவரம்பு இருந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதிலிருந்து பங்கு. ஒருவரைக் கூட்டினால் உலகெங்கும் உள்ள நிராகரிக்கப்பட்ட வீரர்கள் அதே கேள்வியோடு வருவார்கள் என்ற அச்சமும் இருக்கும். கூடுதல் இடம் மறுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு, இப்படி நடக்க எப்படி விட்டீர்கள், யார் இதற்குப் பொறுப்பேற்பார்கள் என்று லாய்டன் சமூக வலைதளத்தில் கேட்டார். நேர்மையான கேள்வி. நான்கு காரணங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு அமைப்பும் தன் விதிக்குள் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் 38 வயது வீரர் ஒருவர், தான் சம்பாதித்த இடத்தையும் நீதிமன்றம் திருப்பிக் கொடுத்த உரிமையையும் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாமல் நின்றார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி பாரிஸுக்கு வெளியே லெ கோல்ஃப் நசியோனால் மைதானத்தில் 60 பேர் ஆட்டத்தைத் தொடங்கியபோது அதில் நெதர்லாந்தின் ஆண் வீரர் ஒருவர்கூட இல்லை.

என் பார்வையில் இங்கே பெரிய குறை கால அட்டவணையில்தான். ஆண்கள் தகுதிப் பட்டியல் ஜூன் 17-ஆம் தேதி, அமெரிக்க ஓபன் முடிந்த கையோடு இறுதியானது. பாரிஸுக்கான ஒட்டுமொத்த வீரர் பதிவு ஜூலை இரண்டாம் வாரத் தொடக்கத்தில் மூடியது. தகுதி பெறுவது, தேசிய அமைப்பு மறுப்பது, வழக்குப் போடுவது, தீர்ப்பு வருவது, அதைச் சர்வதேச அமைப்புக்குக் கொண்டுபோவது எல்லாமே மூன்று வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். எவ்வளவு வேகமான நீதிமன்றமாக இருந்தாலும், முதல் மறுப்போடு இடம் கைமாறிவிடும் என்றால் பின்னால் வரும் தீர்ப்பால் வீரருக்குப் பலன் இல்லை.

2028-க்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

அடுத்த ஒலிம்பிக் கோல்ஃப் லாஸ் ஏஞ்சல்ஸில், ரிவியரா மைதானத்தில். இந்தச் சர்ச்சை அங்கே மறுபடி வெடிக்காமல் இருக்க இரண்டு வழிகள் தெரிகின்றன.

முதலாவது, தேசிய அமைப்புகள் தங்கள் கூடுதல் நிபந்தனையைத் தகுதிக்காலம் தொடங்கும்போதே எண்ணாக எழுதி அறிவிப்பது. 'நியாயமான வாய்ப்பு' என்பது வாதத்துக்குரிய சொல். 'தரவரிசையில் இந்த இடத்துக்குள்' என்பது வாதத்துக்கு இடமில்லாதது. அது கடுமையாக இருந்தாலும் இரண்டாண்டு முன்பே தெரிந்தால், எந்தப் போட்டிகளில் ஆடுவது, எங்கே ஓய்வெடுப்பது என்று வீரர் திட்டமிட முடியும்.

இரண்டாவது சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பின் கையில் இருக்கிறது. தேசியக் கமிட்டி மறுத்த இடத்தை உடனே கைமாற்றாமல், மேல்முறையீட்டுக்கு ஒரு வாரமாவது நிறுத்திவைப்பது. காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு அந்த ஒரு வாரம் சங்கடம்தான். ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டுப் பிறகு பறிப்பதைவிட அது மேல்.

இவற்றோடு 2028-இல் புதிதாக ஒரு சிக்கலும் சேர்கிறது. முதன்முறையாகக் கலப்பு அணிப் பிரிவு வருகிறது. தனிநபர் பிரிவுகளுக்குத் தகுதி பெற்று வந்திருக்கும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் சேர்ந்து ஒரு நாட்டின் அணியாக ஆடுவார்கள். இதுவரை ஒரு வீரரை மறுத்தால் பாதிப்பு அவரோடு முடிந்தது. இனி நெதர்லாந்து தன் ஒரே ஆண் வீரரை முதல் எட்டு அளவுகோலைக் காட்டி நிறுத்தினால், அதே அளவுகோலைத் தாண்டித் தேர்வான பெண் வீரருக்கும் அணிப் பிரிவில் ஆட ஜோடி இருக்காது. என்ஓசி-என்எஸ்எஃப் தன் கொள்கையை 2028-க்கு எழுதும்போது பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி இது.